“என் பேரைச் சொல்லுங்க”

கள்ளக்குறிச்சிப் பக்கம் புதுமனை புகுவிழாவுக்கு வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிடுவார்கள். தலைவாசல் நிலை அப்படி இருக்கும். மேற்சட்டத்தில் கஜலட்சுமி, இரு பக்கமும் ஏறும் கொடி, கதவுப் பலகையில் தாமரை. செதுக்கலைக் கையால் தடவிப் பார்க்காதவர் குறைவு. பந்தியில் உட்காரும்போது யாராவது கேட்டுவிடுவார்கள்: “கதவு யார்கிட்ட கொடுத்தீங்க?” வீட்டுக்காரர் முகம் மலரும். “சின்னசேலத்துல ஒருத்தர் இருக்கார். நம்பர் தர்றேன். என் பேரைச் சொல்லுங்க, நல்லாப் பண்ணிக் கொடுப்பார்.”

இந்த ஒரு பதிலுக்காகத்தான் உலகம் முழுக்க விளம்பரக்காரர்கள் தவம் கிடக்கிறார்கள். வாங்கியவர் மனம் நிறைந்து, யாரும் கேட்டுக்கொள்ளாமல், தானாகவே இன்னொருவரை அனுப்பிவைப்பது. இது எப்படி வேலை செய்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதைச் சொல்லக் கள்ளக்குறிச்சியும் அதற்கு மேலே நிற்கும் கல்வராயன் மலையும் போதும். ஒரு டீயில் முடியாது. இன்னொன்றும் சொல்லிவையுங்கள், நிதானமாகப் பேசலாம்.

முதலில் மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் பரம்பரையாக இந்த வேலை நடக்கிறது. சாமி சிலை, வாகனம், தேர்ச் சிற்பம், மண்டபம் என்று கோயில் சார்ந்து வளர்ந்த கை இது. பிறகு வீட்டு நிலைக்கதவு, பூஜை மண்டபம், ஊஞ்சல் என்று விரிந்தது. வாகை, வேம்பு, மா, பூவரசு என்று வேலைக்கேற்ற மரம். 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசின் பூம்புகார் நிறுவனம் அதற்காகப் பல ஆண்டுகள் முயன்றது. அதற்கு முன்பு, ஒரு பட்டறையின் பெயர் அடுத்த மாவட்டத்துக்குப் போனது என்றால் அது யாரோ ஒரு வாடிக்கையாளர் வாய்வழியாகத்தான் போயிருக்கும்.

“என் பேரைச் சொல்லுங்க” என்று ஒருவர் சொல்லும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் கட்டுப்படுகிறார்கள். கேட்டவருக்கு ஒரு துணிச்சல் வருகிறது. தெரியாத பட்டறைக்கு முன்பணம் கொடுக்கலாம். ஆசாரிக்கு ஒரு பொறுப்பு வருகிறது. வேலையில் குறை வைத்தால் அது இந்தப் புது வாடிக்கையாளரோடு முடியாது, பழைய வாடிக்கையாளர் வீடு வரை போகும். மிக அதிகமாகக் கட்டுப்படுகிறவர் சொன்னவர்தான். கதவு வளைந்துபோனால் அடுத்த கல்யாண வீட்டில் அவரைப் பார்த்து, “நீங்க சொன்னீங்கன்னுதானே கொடுத்தோம்” என்பார்கள். ஆசாரியிடம் கேட்பதற்கு முன்பே இவரிடம் கேட்பார்கள்.

வாய்ச்சொல்லின் பலம் இதுதான் என்பது என் கருத்து. சொல்கிறவர் தன்னுடைய பெயரைப் பிணையாக வைக்கிறார். தொலைக்காட்சியில் ஒரு நடிகர் ஒரு பொருளைப் புகழும்போது, அது கெட்டுப்போனால் நாம் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய் நியாயம் கேட்க முடியாது. மாமாவிடம் கேட்க முடியும். ஆகவே மாமா யோசித்துத்தான் சொல்வார்.

அப்படி ஆபத்து இருந்தும் ஏன் சொல்கிறார்கள்? எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளர் 1966-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் இதைப் பற்றி எழுதினார். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். மனிதர்கள் ஒரு பொருளைப் பற்றி வாய் திறப்பதற்கு அவர் சொன்ன காரணங்களைப் புதுமனை வாசலில் நின்றபடியே எண்ணிவிடலாம். பொருள் தந்த மகிழ்ச்சி மனசுக்குள் அடங்காமல் வெளியே வருவது ஒன்று. இவ்வளவு நல்ல ஆசாரியைக் கண்டுபிடித்தது நான்தான் என்ற பெருமிதம் ஒன்று. கேட்கிறவர் நன்றாக இருக்கட்டும் என்ற அக்கறை ஒன்று. விளம்பரமோ கதையோ சுவையாக இருப்பதால் அதையே பேசுவது இன்னொன்று. இதில் பணம் என்ற காரணமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. புகுவிழா அன்று வீட்டுக்காரர் சொல்லும் பாராட்டு செதுக்கலைப் பற்றியது. மரத்தைப் பற்றி அவருக்கு அன்று எதுவும் தெரியாது. சரியாகக் காயாத மரம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் குணம் காட்டும். கதவு உப்பிக்கொண்டு நிலையில் உரசும்; தாழ்ப்பாள் சேராது; வெயில் வந்ததும் பலகை இணைப்பில் வெடிப்பு விடும். ஆகவே ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டிய வீட்டுக்காரர் சொல்வதுதான் எடைபோட்ட சொல். கதவு செய்யக் கொடுக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: புது வீட்டைப் பார்க்காதீர்கள், அதே ஆசாரி இரண்டு வருஷத்துக்கு முன் செய்த வீட்டைக் கேட்டுப் போய்ப் பாருங்கள்.

ஆசாரி பக்கமிருந்து பார்த்தால் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. முதல் மழைக்குப் பிறகு, கூப்பிடாமலே அந்த வீட்டுக்கு ஒரு நடை போய், உரசும் ஓரத்தை இழைப்புளியால் இழைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவருக்கு அரை நாள் கூலிதான் நஷ்டம். அந்த வீட்டுக்காரர் அதற்குப் பிறகு பேசும் பேச்சே வேறு. முன்பு கதவைப் பற்றிப் பேசினார். இப்போது ஆளைப் பற்றிப் பேசுவார்.

ஒரு பொருளின் தரம் எப்போது தெரியவருகிறது என்பதை வைத்துப் பொருளாதார நூல்கள் பொருள்களை மூன்றாகப் பிரிக்கின்றன. பார்த்த உடனே தெரிவது முதல் வகை. பட்டுச் சேலையின் நிறம் போல. பயன்படுத்திய பிறகே தெரிவது இரண்டாவது. நம் கதவு அந்த வகை. பயன்படுத்திய பிறகும் தெரியாதது மூன்றாவது. மருத்துவர் கொடுத்த மருந்தால்தான் காய்ச்சல் போனதா, தானாகப் போனதா என்று நோயாளிக்குத் தெரியாது. பிலிப் நெல்சன் 1970-ல் முதல் இரண்டையும் பிரித்துக் காட்டினார். மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973-ல் மூன்றாவதைச் சேர்த்தார்கள். முதல் வகைக்கு வாய்ச்சொல் பெரிதாகத் தேவையில்லை, கண் போதும். கீழே போகப் போகத்தான் மனிதர்கள் மனிதர்களைத் தேடுகிறார்கள்.

அரவிந்த் கண் மருத்துவமனை இதற்குத் தமிழ்நாட்டில் நல்ல சாட்சி. டாக்டர் ஜி.வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்ணைக் கத்திக்குக் கொடுப்பது கிராமத்து முதியவர்களுக்குச் சாதாரணக் காரியமாக இருக்கவில்லை. புரை நீங்கி, பேரப்பிள்ளை முகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பாட்டி, அடுத்த முகாமுக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கிளப்பிவிடுவது போல எந்தச் சுவரொட்டியும் கிளப்பாது.

விளம்பரத்தால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. விளம்பரத்துக்கு ஒரு வேலை, வாய்க்கு ஒரு வேலை. இதைக் காட்டிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று மக்காச்சோளத்தைப் பற்றியது. சின்னசேலம், தியாகதுருகம் பக்கம் பஸ்ஸில் போனால் சாலையின் இரு பக்கமும் சோளத்தட்டை ஆளுயரத்துக்கு நிற்பதைப் பார்ப்பீர்கள். இந்த மாவட்டத்துக்கு மிகவும் தெரிந்த பயிர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928-ஐ ஒட்டி வீரிய ஒட்டு மக்காச்சோள விதை வந்தது. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளிடம் விசாரித்து, 1943-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விதை பற்றி முதலில் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், விற்பனையாள் சொன்னார் என்றவர்களே அதிகம். எதனால் விதைத்தீர்கள் என்று கேட்டால், பக்கத்து நிலத்துக்காரர் என்றார்கள். முதல் வருஷமே முழு நிலத்திலும் விதைத்தவர்கள் குறைவு. பலர் ஒரு துண்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருஷம் பரப்பைக் கூட்டினார்கள்.

நம் ஊர் விதை வியாபாரமும் இதே பாதையில்தான் நடக்கிறது. கம்பெனிக்காரர்கள் ஊரில் ஒருவர் நிலத்தில் புது ரகத்தைப் போடச் சொல்லி, கதிர் முற்றும் நேரத்தில் அக்கம்பக்கத்து ஆட்களை வரப்பில் கூட்டிவைத்துக் காட்டுவார்கள். கதிரை உரித்து வரிசை எண்ணிப் பார்ப்பார்கள். பேசுவது நிலத்துக்காரர், கம்பெனி ஆள் பக்கத்தில் நிற்பார்.

யார் நிலம் என்பதும் முக்கியம். ஊரிலேயே பெரிய பண்ணைக்காரர் நிலத்தில் நன்றாக வந்தால், “அவருக்குப் போர் தண்ணி இருக்கு, அவர் பண்ணலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தன்னைப் போலவே மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கு வந்தால்தான் உறைக்கும். எலிஹு காட்ஸும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் 1955-ல் எழுதிய நூலிலும் கடைச் சாமான் விஷயத்தில் இதையே கண்டார்கள்: செல்வாக்கு மேலிருந்து கீழே இறங்குவதைவிட, ஒரே தரத்து மனிதர்களுக்குள் பக்கவாட்டில்தான் அதிகம் நகர்கிறது. அமைச்சர் வீட்டுக் கதவைச் செய்ததாகப் பட்டறையில் படம் மாட்டலாம். ஆர்டர் கொண்டுவருவது பள்ளி ஆசிரியர் வீட்டுக் கதவு.

இனி பணத்துக்கு வருவோம். கட்டட வேலையில் ஆள் காட்டிவிட்டால் கமிஷன் என்பது ஊரறிந்த நடைமுறை. மேஸ்திரி டைல்ஸ் கடையைக் காட்டினால் மேஸ்திரிக்கு, இன்ஜினியர் மரக்கடையைக் காட்டினால் இன்ஜினியருக்கு. இதில் குற்றம் பார்க்க நான் வரவில்லை, அவர்களுக்கும் பிழைப்பு. ஆனால் கமிஷன் வாங்குகிறவர் சொல்லும் “நல்ல கடை”யும், வாங்காதவர் சொல்லும் “நல்ல கடை”யும் காதில் ஒரே மாதிரி விழுந்தாலும் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒன்றில்லை. இரண்டாமவர் பெயரைப் பிணை வைத்தார். முதலாமவருக்கு அந்தப் பிணைக்கு விலை கிடைத்துவிட்டது. கேட்கிறவருக்கு அது தெரியாமல் இருப்பதில்தான் அநியாயம்.

சட்டமும் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2022 ஜூனில் தவறான விளம்பரங்களையும் பரிந்துரைகளையும் தடுக்கும் வழிகாட்டு நெறிகள் வந்தன. பரிந்துரைப்பவருக்கும் கம்பெனிக்கும் இடையே பணம், இலவசப் பொருள் போன்ற தொடர்பு இருந்து, அது மக்களுக்கு எளிதில் தெரியாதது என்றால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரைத்தவருக்கும் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். செல்போனில் வீடியோ போட்டுப் பொருள் விற்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. ‘நீ நாலு பேரைச் சேர், அவர்கள் நாலு நாலு பேரைச் சேர்க்கட்டும்’ என்று சொந்தபந்தங்களையே சந்தையாக்கும் சங்கிலித் திட்டங்கள். 1978-லேயே பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. இருந்தும் பெயர் மாற்றிப் பெயர் மாற்றி வருகின்றன. பணம் போவது ஒரு பக்கம். அத்தை மகனும் பள்ளித் தோழியும் அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லையே, அந்த நஷ்டத்தை எந்தப் புகார் மனுவில் எழுதுவது?

மலைக்குப் போகலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். நூற்றாண்டுகளாக ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. ஜாகீர் முறை 1976-ல்தான் முடிவுக்கு வந்தது. சாலையும் பள்ளியும் மற்ற ஊர்களுக்கு வெகு காலம் பிந்தித்தான் வந்தன. இப்போது பெரியார் அருவி, மேகம் அருவி பார்க்க விடுமுறை நாளில் கார்கள் ஏறுகின்றன. இறங்கும்போது தேன், சாமை, கடுக்காய், புளி என்று ஏதாவது ஒன்று டிக்கியில் இருக்கும்.

மலைத்தேன் மூன்றாம் வகைப் பொருளுக்குச் சரியான உதாரணம். நக்கிப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது என்று வீட்டில் செய்யும் சோதனைகளால் இன்றைய சர்க்கரைப் பாகுக் கலப்பைக் கண்டுபிடிக்க முடியாது. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், 13 பிராண்டு தேன்களை ஜெர்மனியில் உயர்நிலைச் சோதனைக்கு அனுப்பியபோது 10 பிராண்டுகள் தேறவில்லை. அந்தச் செய்திக்குப் பிறகு, ‘தெரிந்தவர் மூலமாக வந்த தேன்’ என்றால் மட்டும் வாங்குகிற குடும்பங்கள் பல. மலையிலிருந்து நல்ல தேன் கொண்டுவருகிறவருக்கு இதைவிடச் சாதகமான காலம் இருக்க முடியாது.

ஆனால் என்ன நடக்கிறது? வெள்ளிமலைப் பாதையில் ஒருவரிடம் பழைய பாட்டிலில் தேன் வாங்குகிறார் சென்னைக்காரர். பாட்டிலில் பெயர் இல்லை, ஊர் இல்லை, எண் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. அலுவலகத்தில் புகழ்ந்து பேசுகிறார். நண்பர் கேட்கிறார்: “எனக்கும் ஒரு கிலோ வாங்க முடியுமா?” இவரிடம் பதில் இல்லை. “கல்வராயன் மலை போற வழியில, ஒரு வளைவுல, ஒரு அம்மா விக்கிறாங்க” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பொருள் நன்றாக இருந்தது. வாங்கியவர் மனதார நேசித்தார். கேட்கவும் ஆள் வந்தார். சொன்ன சொல் திரும்பி வந்து சேர அந்த அம்மாவுக்கு ஒரு விலாசம் இல்லை.

கதவுக்கும் தேனுக்கும் இதுதான் வித்தியாசம். கதவு நிலையாக ஒரு இடத்தில் நின்று காட்டிக்கொண்டிருக்கிறது. செய்த ஆசாரியின் எண் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. தேன் தின்று தீர்ந்துவிடுகிறது. மலையின் மரவள்ளிக் கிழங்கு நிலைமை இன்னும் பரிதாபம். லாரி ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிவிடுகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது நியாயமானதே. ஆனால் பாயசம் குடிக்கிறவருக்குக் கல்வராயன் என்ற பெயர் தெரிய வழியே இல்லை.

தெரிந்த பெயரோ வேறு விதமாகத் தெரிந்திருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு மாவட்டத்தின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் அதைத்தான் கேட்டார்கள். மலை என்றால் சாராய ஊறல் என்ற பழைய பேச்சும் சேர்ந்துகொண்டது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. வாய்வழிப் பேச்சு நல்லதை மட்டும் சுமக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சிலர் செய்ததற்கு ஒரு மலையே பெயர் கெட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. சாமை விதைத்து, கடுக்காய் பொறுக்கி, தேன் எடுத்துப் பிழைக்கும் பல ஆயிரம் பேரும் அதே பெயரில்தான் பொருளை விற்றாக வேண்டும்.

பெயரைத் திரும்பச் சம்பாதிக்க வழி என்ன? ஃபிரெட்ரிக் ரைக்கெல்ட் என்ற ஆலோசகர் 2003-ல் ஒரு முறையைச் சொன்னார். இன்று பல பெரிய கம்பெனிகள் அதைப் பின்பற்றுகின்றன. ‘எங்களை உங்கள் நண்பருக்குச் சொல்வீர்களா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடுங்கள்.’ ஒன்பதும் பத்தும் போட்டவர்கள் உங்களுக்காகப் பேசுகிறவர்கள். ஆறும் அதற்குக் கீழும் போட்டவர்கள் உங்களுக்கு எதிராகப் பேசக்கூடியவர்கள். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. சொல்வேன் என்பவர்கள் எல்லோரும் சொல்வதில்லை. பட்டறைக்கும் மலைக் கடைக்கும் இதைவிடத் துல்லியமான கணக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆர்டர் நோட்டில் ‘யார் சொல்லி வந்தார்’ என்று ஒரு பத்தி போட்டு எழுதுங்கள். ஒரு வருஷம் கழித்துப் புரட்டினால், ஊருக்குள் உங்களுக்காகப் பேசும் ஐந்தாறு பேர் யார் என்று தெரிந்துவிடும். அவர்களுக்குக் கமிஷன் கொடுத்துவிடாதீர்கள். முதல் சீசன் தேனில் ஒரு பாட்டில் கொடுங்கள். கதவு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

மலைப்பொருளுக்கு விலாசம் தருவது பெரிய செலவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளராகப் பதிவு செய்யக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். லேபிளில் குழுவின் பெயர், ஊரின் பெயர், எடுத்த மாதம், ஒரு போன் எண். ‘இயற்கை’, ‘சுத்தம்’ என்ற சொற்களை எல்லோரும் அச்சடிக்கிறார்கள். ‘கரியாலூர், சித்திரை’ என்று அச்சடிக்க அங்கிருந்து எடுத்தவரால்தான் முடியும். படிவம் நிரப்ப, எண்ணெழுத்துப் பார்க்கக் கீழே இருந்து யாராவது ஒருமுறை உதவினால் போதும்.

மரச்சிற்பத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டிலும் பாதி வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பெயர் வட்டாரத்துக்கே சொந்தம் என்றாலும், ஒரு ஆசாரி அதைத் தன் வேலைமேல் முறையாகப் பயன்படுத்த, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன் பெயரைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிந்துகொண்ட கையோடு, கதவின் உள்பக்கத்தில், கீழ்ச்சட்டத்தில், கண்ணை உறுத்தாத அளவில் தன் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் ஆசாரி செதுக்கிவிடலாம். வீட்டுக்காரர் போன் மாற்றி எண் தொலைந்தாலும், வீடு கைமாறினாலும், பேரன் காலத்தில் யாராவது குனிந்து பார்த்துப் படித்துக்கொள்வார்கள்.